பாரிஸின் அடுப்பை எரித்த ஊர்

இன்று பிரான்ஸுக்குப் போகிறோம். பாரிஸுக்கு இல்லை, ஒரு காலத்தில் பாரிஸுக்கு விறகு அனுப்பிய கிளாம்சிக்கு. மொர்வான் மலைக்காட்டுக்கு அருகே, யோன் நதியோடு பெவ்ரோன் என்ற சிற்றாறு வந்து கலக்கும் இடம். ரொமெய்ன் ரோலண்ட் 1866-இல் பிறந்த ஊர் என்றால் பலருக்கு உடனே பிடிபடும். காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் பற்றியெல்லாம் எழுதினாரே, அவரேதான். அவரைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். புனித மார்ட்டின் கோயில் கோபுரமும் எந்த வழிகாட்டி நூலிலும் இருக்கும். நாம் நேரே ஆற்றங்கரைக்கு இறங்குவோம்.

இங்குள்ள பாலத்தின் பெயர் பெத்லகேம் பாலம். இயேசு பிறந்த அதே பெத்லகேம்! சிலுவைப் போர்க் காலத்தில் நெவேர் பிரபு ஒருவர் இங்கிருந்த மருத்துவ விடுதியைப் பெத்லகேம் ஆயருக்கு எழுதிவைத்தார். பெத்லகேமில் இருக்க வழியில்லாமல் போனதும் ஆயர்கள் இங்கே வந்துவிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி வரை பெத்லகேம் ஆயருக்கு இருப்பிடம் இந்தக் கரைதான்.

பாலத்தைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போகத்தான் நினைத்தேன். ஆனால் பாலத்தின் மேலேயே ஒரு தெப்பக்காரரின் சிலை நிற்கிறது. அவர் கதையைச் சொல்லாமல் எப்படி நகர்வது?

16-ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றியிருந்த காடுகள் தீர்ந்துவிட்டன. குளிரில் நடுங்கும் நகரத்துக்கு விறகு வேண்டும். மொர்வானில் மரம் உண்டு, பாதை இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் கட்டைகளை நறுக்கி, ஒவ்வொரு வணிகரும் தன் அடையாளத்தைச் சுத்தியலால் முனையில் பதித்தார்கள். குளங்களின் மதகைத் திறந்து, பெருகிவரும் ஓடையில் கட்டைகளை அப்படியே தள்ளிவிட்டார்கள். கிளாம்சியில் அவற்றைப் பிடித்து, அடையாளம் பார்த்துப் பிரித்து, கரையில் அடுக்கினார்கள். பெண்களும் பிள்ளைகளும்கூட இந்த வேலையில் இறங்குவார்கள்.

பிறகு தெப்பம் கட்டுவது. 72 மீட்டர் நீளம், நேயர்களே! வளைந்து வளைந்து போகும் ஆற்றில் அதை ஓட்டுவது ஒரே ஒரு தெப்பக்காரர், துணைக்கு ஒரு சிறுவன். பாரிஸ் போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். விறகை ஒப்படைத்துவிட்டு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்புவார்கள். வந்ததும் அடுத்த தெப்பம். இந்தத் தொழிலோடு சேர்த்து ழான் ரூவே என்ற வணிகரின் பெயரைச் சொல்வார்கள். என் மனம் அந்த நடைக்காரர்களிடமே போகிறது.

நிலக்கரியும் ரயிலும் வந்தபின் தெப்பம் நின்றது. கடைசித் தெப்பம் 1877-இல் போனது. அப்போது ரோலண்ட் இன்னும் பள்ளிச் சிறுவன்.

கடைத்தெரு இன்னொரு நாள். அங்கே பன்றிக் குடலில் செய்யும் அந்துயெத் பெயர்பெற்றது, சாப்பிடுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். போகிறவர்கள் ஜூலை 14-க்குப் போங்கள். அன்று ஆற்றில் படகுச் சண்டை நடக்கும். நீண்ட கழியால் ஒருவரையொருவர் தள்ளி நீரில் வீழ்த்துவார்கள். கடைசிவரை விழாமல் நிற்பவருக்கு ‘நனையாத ராஜா’ என்று பட்டம் கட்டுவார்கள்.