உண்டியலும் உரிமையும்

கார் பிறக்கும் ஊரிலே நின்று பேசுகிறேன். 1998லே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய்க் கார் உருண்டோடத் தொடங்கியது. 2010லே ஒரகடத்திலே ரெனோ–நிசான் ஆலை திறந்தது. ஏரியும் வயலும் இருந்த பக்கமெல்லாம் இன்று எந்திர முழக்கம்! பிறந்த காரை ஓட்ட உரிமம் தரும் அலுவலகமும் இங்கேயே உண்டு. 'டிஎன் 87' என்று நெற்றியிலே பொறித்துக்கொண்டு ஓடுகின்றனவே வண்டிகள், அவை ஸ்ரீபெரும்புதூரின் பிள்ளைகள்.

அந்த ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரத்திலே, விருப்பமுள்ளோர் பத்தோ இருபதோ நன்கொடை தரட்டும். சேரும் தொகை, காது கேளாதோருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரை அமர்த்தப் பயன்படட்டும் என்று நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே உரிமக் கட்டணத்தோடு 1 டாலர் சேர்த்துக் கண் பாதுகாப்புத் திட்டத்துக்குக் கொடுக்க வழி உண்டு. "அங்கே கண்ணுக்கு, இங்கே காதுக்கு. ஏன் கூடாது?" என்றார்.

நல்ல நெஞ்சிலே பிறந்த யோசனை. நையாண்டி செய்ய நான் வரவில்லை. ஆனால் உண்டியலைக் கொண்டுவந்து வைக்கு முன்னே, அந்த வரிசையிலே நிற்பவர் யார் யார் என்று பார்க்கவேண்டாமா?

யாருக்காக உண்டியல் குலுக்க நினைக்கிறோமோ, அந்தக் காது கேளாத தோழரே அங்கே உரிமம் கேட்டு நிற்கிறார்! நெடுங்காலம் அவருக்கு இடமில்லை என்றார்கள். ஆரன் ஒலி கேளாதவன் வண்டி ஓட்டலாமா என்று அடித்துப் பேசினார்கள். காது கேளாதோர் தேசியச் சங்கம் வழக்காடியது. தேர்விலே தேறினால் உரிமம் பெறலாம் என்று 2011 பிப்ரவரியிலே டெல்லி உயர்நீதிமன்றம் கூறிற்று. வண்டி ஓட்டுவது முதன்மையாகக் கண்ணின் வேலை என்று 2016 அக்டோபரிலே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. உண்டியலிலே விழுந்த காசு வாங்கித் தந்ததல்ல இந்த உரிமை, வாதாடிப் பெற்றது!

உரிமை வந்தது, உரையாடல் வந்ததா? தேர்வுத் திடலிலே அலுவலர் ஆணையிடுகிறார்: 'இடப்பக்கம் திருப்பு', 'பின்னால் எடு', 'நிறுத்து'. எதிரே இருப்பவர் விழிக்கிறார். அலுவலர் குரலை உயர்த்துகிறார். குரலை உயர்த்தினால் செவி திறக்குமா? நான் நாடகக்காரன். மேடையிலே நடிகன் வசனம் மறந்து விழித்தால், திரைமறைவிலிருந்து அடியெடுத்துக் கொடுக்க ஓர் ஆள் உண்டு. இரண்டு மணி நேரப் பொய்க்கே அந்த ஏற்பாடு! ஒருவனது பிழைப்பு முடிவாகும் இடத்திலே வேண்டாமா? 2015லே டெல்லியிலே இந்தியச் சைகைமொழிக்கென ஆய்வும் பயிற்சியும் தரும் மையம் அமைந்தது. அதன் அகராதி 2018லே 3,000 சொற்களோடு வெளிவந்தது. 2021லே 10,000 சொற்களாக வளர்ந்தது. அகராதியிலே 10,000 சொற்கள். எத்தனை அலுவலக மேசைகளிலே அவற்றில் ஒன்றேனும் பேசப்படுகிறது?

சரி, உண்டியலின் கணக்கைப் பார்ப்போம். 2019லே வந்த சட்டத் திருத்தத்தின்படி, 30 வயதுக்குள் சொந்த வண்டிக்கு உரிமம் பெற்றவர் 40 வயது வரை புதுப்பிக்க வேண்டியதில்லை. 30க்கும் 50க்கும் இடையிலே பெற்றவருக்கு அது 10 ஆண்டு செல்லும். ஆக, ஒருவர் பத்தாண்டுக்கு ஒருமுறை தரும் இருபது ரூபாயைக் கொண்டு, மாதந்தோறும் வயிறு பசிக்கும் மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம்! மழை பெய்தால் விளையும் மானாவாரி நிலம் போன்றது நன்கொடை. அதை நம்பி நாள்தோறும் உலை வைக்க முடியாது.

இன்னொன்று. 'விருப்பம்' என்ற சொல் அரசு மேசைக்கு வந்தால் நிறம் மாறிவிடும். 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் படைவீரர் கொடி நாள். உயர்ந்த நோக்கம், உள்ளம் உவந்து தருவோர் பல்லாயிரவர். ஆனால், தராவிட்டால் தாள் நகராதோ என்ற அச்சத்திலே தருபவரையும் நீங்கள் அறிவீர்கள். அச்சத்திலே கொடுப்பது நன்கொடை ஆகுமா?

ஓட்டுநர் உரிமம் மட்டுமா புதுப்பிக்கப்படுகிறது இந்த வட்டாரத்திலே? ஆலைக்கும் உரிமம் உண்டே! தகட்டை அறைந்து கதவாகவும் கூரையாகவும் வளைக்கும் பிரஸ்ஸின் அருகே எட்டு மணி நேரம் நின்று பாருங்கள். முதல் ஆண்டு காதிலே இரைச்சல். பிறகு கீச்சுக் குரல் கேட்காது. வீட்டிலே மனைவி இருமுறை சொல்லவேண்டும். குழந்தையின் மழலை பாதிதான் விழும். போன செவி திரும்பாது, தோழர்களே! இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையைத் தெரிவிக்கப்படவேண்டிய தொழில்நோய் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை எழுதி வைத்தது; அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பும் அந்த வரியை அழிக்கவில்லை. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று விதிகளிலே வரம்பு கட்டினார்கள். வரம்பு காகிதத்திலே, அறை காதிலே!

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி பேசுகிறோம். ஊதுகிறவனை ஒரு சொல் கேட்காமல், செவியைப் பழிக்கும் பழமொழி! ஆலையிலே தீப்பிடித்துச் சங்கு ஊதினால், காது கேளாத தொழிலாளிக்கு யார் சொல்வது? சுழன்று மின்னும் விளக்கொன்று சுவரிலே வேண்டும். அதற்கும் உண்டியலா?

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெருநிறுவனங்கள் ஆதாயத்திலே 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அங்கே ஒரு நுட்பம் பாருங்கள்: தன் தொழிலாளிக்கென்றே செய்வதை அந்தக் கணக்கிலே எழுதக்கூடாது! தன் ஆளுக்குச் செய்வது அறமல்ல, கடமை என்று சட்டமே பிரித்துவிட்டது.

டெக்சாஸைக் காட்டிய நண்பருக்கு அமெரிக்காவிலிருந்தே இன்னொன்றைக் காட்டுகிறேன். 1990லே அந்நாடு ஒரு சட்டம் செய்தது. காது கேளாதவர் எழுத்தாகத் தட்டுவார். இடையிலே அமர்ந்த பணியாளர் அதை மறுமுனைக்குப் பேசிக் காட்டுவார், பதிலை எழுத்தாக்கித் திருப்புவார். 1993 முதல் நாடு முழுவதும் நடக்கும் இந்தத் தொலைபேசிச் சேவைக்கு உண்டியல் இல்லை. தொலைபேசி நிறுவனங்களிடமிருந்தே நிதி வாங்கப்படுகிறது. கேட்கும் செவியுடையோர் செலுத்தும் கட்டணத்திலே கேளாதவர் பங்கும் அடங்கிவிட்டது. யாரும் யாருக்கும் பிச்சையிடவில்லை.

ஆகவே நண்பரின் உண்டியல் வரட்டும், வேண்டாமென்று தடுக்கவில்லை. விண்ணப்பத்திலே அந்தக் கட்டம் வெற்றாகவே இருக்கட்டும். விரும்பியவர் மட்டும் நிரப்பட்டும். தொகைக்கு இரசீது தரப்படட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு மாநில நிதி ஒன்றைச் சொல்கிறது. பணம் அங்கே போகட்டும், வரவும் செலவும் ஆண்டுதோறும் அலுவலகச் சுவரிலே ஒட்டப்படட்டும். அதைக்கொண்டு புத்தகம் அச்சிடலாம், அலுவலருக்குப் பயிற்சி தரலாம். மொழிபெயர்ப்பாளரின் சம்பளம் அரசின் வரவு செலவுத் திட்டத்திலே ஏறவேண்டும். ஆலையிலே செவிப் பரிசோதனையும் மின்னும் விளக்கும் ஆலை முதலாளியின் செலவு.

அடுத்த முறை உரிமம் புதுப்பிக்கப் போகும்போது, கட்டணத்தைச் செலுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: "இங்கே சைகைமொழி தெரிந்தவர் எந்தக் கிழமை இருப்பார்?" பதிலை எழுத்திலே வாங்கிக்கொள்ளுங்கள்.