காயலான் கடைக்கா, பட்டறைக்கா?

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து அத்திப்பட்டு வழியாக அயனம்பாக்கம் வருகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்புகின்றன. வீட்டுச் சாமான்களெல்லாம் ஏற்றிப் போன பிறகும் சில வீடுகளில் ஒன்று மட்டும் போகாமல் நிற்கும். போர்ட்டிகோவிலோ கிணற்றடியிலோ தார்ப்பாய் மூடிய ஒரு புல்லட், அல்லது ஒரு லாம்பிரெட்டா ஸ்கூட்டர், அபூர்வமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். அதை எடுத்துப் போக இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் காயலான் கடைக்காரர். அவருக்கு இரும்பின் எடை தெரியும், கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொருவர் பழைய வண்டி என்றால் உயிரை விடும் இளைஞர். அவருக்குத்தான் கணக்கு எளிதில் முடியாது. வாங்கிப் புதுப்பிக்கலாமா, வேண்டாமா? இன்றைய பேச்சு அவருக்காக.

மேற்குச் சென்னைக்கும் வண்டிகளுக்கும் உள்ள உறவு பழையது. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கிய நிறுவனம். பிறகு டன்லப் வந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா வந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. எல்லாம் 1960-களின் நடுப்பகுதிக்குள். வடக்கே திருவொற்றியூரில் 1955-இல் அமைந்த என்ஃபீல்டு இந்தியா புல்லட் செய்தது. தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு கார் செய்தது. ஊரே வண்டி செய்த காலம் அது. அந்த ஆலைகளில் வேலை பார்த்துப் பழகிய கைகளும், அந்த ஆலைகளுக்காக முளைத்த லேத் பட்டறைகளும் இன்னும் இந்தப் பக்கம் இருக்கின்றன. பழைய வண்டி வாங்க நினைப்பவருக்கு இது பெரிய பலம். எந்த விஷயத்தில் பலம் என்பதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

வண்டி பார்க்க வருகிறவர் முதலில் என்ன செய்வார்? கிக்கரை உதைப்பார், காரானால் சாவியைத் திருகுவார். எஞ்சின் ஓடுமா என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, ஆர்.சி. புத்தகம் எங்கே?

1989-க்கு முந்தைய வண்டிகளுக்குப் பழைய மூன்றெழுத்துப் பதிவெண் இருக்கும். காகிதப் புத்தகமாக இருக்கும், பல நேரம் கரையான் தின்றிருக்கும். அந்தப் பதிவு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடித்த பேரேட்டில் கிடக்கும், கணினியில் ஏறியிருக்காது. ஏற்றாமல் பெயர் மாற்ற முடியாது. ஆகவே விலை பேசுவதற்கு முன் சேசிஸ் எண் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எஞ்சின் எண்ணையும் அப்படியே எடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளரும் அதைத்தான் செய்யப் போகிறார், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் போகிறதா, எண்ணைச் சுற்றி அரம் போட்ட தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிள் மாதிரி இன்று கிராக்கி ஏறியிருக்கும் வண்டிகளில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. விலை ஏறும் இடத்துக்குத் திருட்டும் வரும்.

உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் அனைவரும் ஒப்ப வேண்டும். இங்கே பல வண்டிகள் தாத்தா பெயரிலேயே நிற்கின்றன. மூன்று மகன்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அவர் கையெழுத்துக்கு எத்தனை மாதம் ஆகும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். பதிவு காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்க வேண்டும். 2025-இல் உயர்த்திய கட்டணப்படி 20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய், காருக்கு 10,000 ரூபாய். அதோடு, புதுப்பிக்கத் தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கு 300, காருக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம் விதியில் இருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டிக்கு இது எவ்வளவு வரும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி விலையை விடப் பாக்கி பெரிதாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பதிவே ரத்தான வண்டி என்றால் அது வண்டியே இல்லை, உதிரிபாகம். உதிரிபாகத்துக்கு என்ன விலையோ அதைத்தான் கொடுக்க வேண்டும்.

‘வின்டேஜ் என்று பதிந்துகொள்ளலாமே’ என்று சிலர் சொல்வார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு அதற்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது உண்மைதான். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். சேசிஸ், உடல்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், அது 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் வி.ஏ. என்ற எழுத்துள்ள எண். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை நினைத்தபோது ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமை தோறும் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கு ஓட்டிப் போக ஆசைப்படுகிறவருக்கு இந்தப் பதிவு உதவாது. அவருக்குச் சாதாரண ஆர்.சி.தான் வேண்டும். இன்னொன்று, டீசல் சிக்கனத்துக்காக ஒரு காலத்தில் எத்தனையோ அம்பாசடர், ஃபியட் கார்களில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் போட்டார்கள். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் தலைவலி, ஏறியிருந்தால் வின்டேஜ் தகுதி சந்தேகம்.

காகிதம் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது எதிரி துரு. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவு, டிக்கியின் தரை என்று ஒவ்வோர் இடமாக வையுங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசி வைத்திருக்கிறார்கள். பிறகு தரை விரிப்பைத் தூக்கி ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இதில் காருக்குக் கார் வித்தியாசம் உண்டு, பலர் இதை யோசிப்பதில்லை. ஹெரால்டு தனிச் சேசிஸ் மேல் உட்கார்ந்த கார். தகடுகளை போல்ட் கழற்றி எடுத்துவிடலாம், முன்பக்கம் முழுதும் ஒரே பாகமாகத் தூக்கித் திறக்கும். தகடு போனால் தகட்டோடு போகும். அதன் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்திருந்தால்தான் கவலை. அம்பாசடரும் ஃபியட் பத்மினியும் அப்படியல்ல. அவற்றுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடல்கூடுதான் பாரம் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் தகடும் தரையும் அரித்துவிட்டால் கார் நடுவில் தொய்யும், கதவு சரியாகச் சாத்தாது. நான்கு கதவையும் திறந்து சாத்திப் பாருங்கள். மேலே தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டியிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். கடலோரம் பல ஆண்டு நின்ற வண்டியென்றால் இன்னும் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

நம் பக்கத்துக்கென்று இன்னொரு சோதனை இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் மூழ்கடித்த வண்டிகள் சென்னை முழுதும் சந்தைக்கு வந்தன. கழுவித் துடைத்தால் மேலே ஒன்றும் தெரியாது. ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றுங்கள், சீட்டுக்கு அடியில் கைவிடுங்கள், பிரேக் டிரம்மைத் திறந்து பாருங்கள். மெல்லிய வண்டல் படிந்திருந்தால் ஒயரிங் முழுதும் புதிதாகப் போட வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, என்னென்ன காணாமல் போயிருக்கிறது? புல்லட் என்றால் தப்பித்தீர்கள். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டின் அடிப்படை அமைப்பைப் பல பத்தாண்டுகள் பெரிதாக மாற்றாமல் செய்துகொண்டே இருந்தார்கள். அதனால் பாகங்கள் கிடைக்கின்றன. யெஸ்டி மோட்டார் சைக்கிள் செய்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. 2018-இல் ஜாவா என்ற பெயர் மறுபடி வந்தது என்றாலும் அது வேறு வண்டி, அதன் பாகம் பழையதில் பொருந்தாது. ஆனாலும் யெஸ்டிக்கு ரசிகர் கூட்டம் பெரிது, தேடினால் கிடைக்கும். ஹெரால்டுக்கு அந்த நிலை இல்லை. அதே திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலை 1960-களில் ஃபான்டாபுலஸ் என்று ஒரு ஸ்கூட்டர் செய்தது. வில்லியர்ஸ் எஞ்சின் போட்ட கனமான ஸ்கூட்டர். இன்று ஒன்று அரைகுறையாகக் கிடைத்தால் ஆசை வரும். அதன் ஒரு பக்கக் கவசம் இல்லை என்றால் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகள் முழுக்க அலைந்தாலும் கிடைப்பது அதிர்ஷ்டம். விளக்குக் கண்ணாடி, முகப்பு எழுத்து, குரோம் பட்டை, மீட்டர், முன் கண்ணாடி ஆகியவை முழுதாக இருக்கும் வண்டிக்கு எஞ்சின் இல்லாவிட்டாலும் மதிப்பு உண்டு.

கோணிப்பையில் கட்டி விற்கப்படும் வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் ஆர்வத்தில் வாங்கிப் பிரித்திருப்பார், பாதியில் அலுத்திருப்பார். ‘எல்லாம் பையில் இருக்கு சார், மாட்ட வேண்டியதுதான்’ என்பார். எல்லாம் இருக்காது. எது இல்லை என்பது மாட்டும்போதுதான் தெரியும். தொடாமல் துருப்பிடித்து நிற்கும் வண்டியை நான் இதை விட மேலாக மதிப்பேன்.

இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். எஞ்சின் ஜாம் ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம். பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே எண்ணெய் விட்டுச் சில நாள் ஊற வைத்தால் பல பிஸ்டன்கள் இளகிவிடும். இளகாவிட்டாலும் சிலிண்டரைப் போர் போட்டு 20, 40, 60 என்று அடுத்த அளவு பிஸ்டன் போடலாம். அதுவும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் இறக்கலாம். கிராங்கை லேத்தில் பார்ப்பதற்கும், ராடு மாற்றுவதற்கும், இல்லாத புஷ்ஷைக் கடைந்து எடுப்பதற்கும் அம்பத்தூர் எஸ்டேட்டின் சந்துகளில் ஆள் இருக்கிறார்கள். முன்பு நான் சொன்ன பலம் இதுதான். எஞ்சின் ஓடவில்லை என்பதால் விலை குறைகிறதா? குறையட்டும், அது உங்களுக்கு லாபம். நீண்ட நாள் நின்ற எஞ்சினை உங்கள் முன் ஓட்டிக் காட்டுகிறேன் என்று விற்பவர் அவசரப்பட்டால் தடுத்துவிடுங்கள். எண்ணெய் மாற்றாமல் உதைத்தால் நல்ல எஞ்சினும் கெடும். வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு கவனம் வேண்டும். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் அதைத் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுவது நல்லது.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் வேலையை விட டிங்கரிங், பெயிண்டிங், குரோம் பிளேட்டிங் மூன்றும் சேர்ந்து அதிகம் விழுங்கும். பட்டறையில் சொன்ன தொகையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், காலத்தையும் அப்படியே. போட்ட பணம் விற்கும்போது திரும்பி வரும் என்று நம்பி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாந்து போகிறார்கள். உங்களுக்கு வேண்டியது ஓட்டிப் பார்க்கும் சுகம் மட்டும்தான் என்றால், வேறொருவர் செலவு செய்து புதுப்பித்து, இடமில்லாமலோ மனம் மாறியோ விற்கும் வண்டியை வாங்குங்கள். அதுதான் மலிவு. அயனம்பாக்கம் அடுக்குமாடியில் ஒரே ஒரு பார்க்கிங் இடம் வைத்திருந்தால் காரைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பிரித்த கார் மூன்று மடங்கு இடம் கேட்கும்.

பிரிப்பதற்காகவே வாங்குகிறவர் கதை வேறு. கோவை ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி மாட்டினார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அந்த மனிதர் பிறகு பேருந்து கம்பெனியும் மோட்டார் ஆலையும் நடத்தினார். இன்று கோவையில் அவர் பெயரால் இயங்கும் அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய வண்டி வாங்கும் முன் ஒரு முறை போய் வாருங்கள். கற்றுக்கொள்வதற்கு என்றால் கார் வேண்டாம். காகிதம் சரியாக உள்ள, எஞ்சின் ஓடாத ஒரு புல்லட்டோ ஸ்கூட்டரோ போதும். அதில் போகும் பணத்தைப் பாடச் சம்பளமாக எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக, வண்டியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு இடிபடும் அவசரத்தில் காயலான் கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். இளைஞருக்கு விற்றால் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்திட்டு, பெயர் மாறும் வரை விடாதீர்கள். உடைக்கத்தான் போகிறீர்கள் என்றால் அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிப் பதிவை ரத்து செய்யுங்கள். ரத்தாகும் வரை அந்த எண்ணுக்குச் சட்டப்படி உரிமையாளர் நீங்கள்தான்.