சங்கரய்யாவின் இடம்



புரட்சியாளர் ஒருவரின் வரலாற்று இடத்தை எதை வைத்து அளப்பது? உலகம் இந்தக் கேள்வியை லெனினை முன்வைத்தே கேட்டு வந்திருக்கிறது. மதுரையில் பேசும் நான், கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் என். சங்கரய்யாவை முன்வைத்துக் கேட்கிறேன்.

மாணவர் போராட்டத்தில் சேர்ந்ததற்காக 1887-இல் கசான் பல்கலைக்கழகம் லெனினை வெளியேற்றியது. நான்கு ஆண்டு கழித்து, தனித்தேர்வராக எழுதிச் சட்டத்தில் தேறினார். சங்கரய்யாவுக்குப் பட்டம் கிட்டவே இல்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். 1941-இல், இறுதித் தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஆங்கில அரசு அவரைச் சிறைப்பிடித்தது. பதினெட்டு மாதம் உள்ளே இருந்தார்.

1946-இல் கம்யூனிஸ்டுகள் மீது மதுரைச் சதி வழக்கு வந்தது. பி. ராமமூர்த்தி உள்ளிட்ட தோழர்களோடு மீண்டும் சிறை. வெளியே வந்தது 1947 ஆகஸ்ட் 14 அன்று. அடுத்த மாதமே கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நவமணி அம்மையாரை மணந்தார். சாதி, மத மறுப்பை மேடையில் பேசும் முன்பே வீட்டில் நடத்திக் காட்டியவர் அவர். சுதந்திர நாட்டிலும் அடக்குமுறை ஓயவில்லை. மொத்தத்தில் எட்டு ஆண்டு சிறை, மூன்று ஆண்டு தலைமறைவு.

1964-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்த 32 பேரில் அவரும் ஒருவர். 1967-இல் மதுரை மேற்கிலிருந்தும், 1977, 1980 ஆண்டுகளில் மதுரை கிழக்கிலிருந்தும் சட்டமன்றம் சென்றார். அமைச்சர் பதவி எதையும் வகித்ததில்லை.

ஆட்சிதான் அளவுகோல் என்றால் சங்கரய்யாவுக்கு வரலாற்றில் இடமில்லை. ஆனால் லெனின் அமைத்த ஆட்சியும் 1991-இல் கலைந்தது. கம்யூனிசம் முடிந்தது என்று பலரும் எழுதிய அந்தக் காலத்தில், 1995-இல், சங்கரய்யா கட்சியின் மாநிலச் செயலாளர் ஆனார். 2002 வரை அப்பொறுப்பில் இருந்தார். மாஸ்கோவில் கொடி இறங்கிய பிறகும் இங்கே இயக்கம் நின்றதற்குக் காரணம், அவர் தலைமுறை அதை ஆலை வாயிலிலும் வயல்வரப்பிலும் ஊன்றியிருந்ததுதான். அவருடைய வரலாற்று இடம் அங்கே இருக்கிறது என்பதே என் முடிவு.

2021-இல் தமிழக அரசு 'தகைசால் தமிழர்' விருது தந்தபோது, பரிசுத்தொகை பத்து லட்சத்தையும் கொரோனா நிவாரணத்துக்கே கொடுத்தார். 2023-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கத் தீர்மானித்தது; வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று, நூறு வயதைத் தாண்டிய நிலையில், அவர் மறைந்தார். வரலாறு பயிலும் மாணவர்களே, அவருடைய சட்டமன்ற உரைகளைத் தேடிப் படியுங்கள். அவரோடு களத்தில் நின்ற முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் நினைவுகளைப் பதிவு செய்யுங்கள். மதுரையின் வரலாற்றை எழுத அவை வேண்டும்.