சுடர் அணைந்த குழாய்

அடுப்படியில் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். வாசனைக்காகவே அதில் ஒரு பொருளைக் கலக்கிறார்கள். எண்ணெய் வயலில் கசியும் மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் 20 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

எண்ணெயோடு வரும் இந்த வாயுவை வீணாக எரிக்க நார்வே 1970-களிலேயே கட்டுப்பாடு போட்டது. 1991-ல் கார்பன் வரியும் விதித்தது. துர்க்மெனிஸ்தானிலோ பல இடங்களில் பழைய சோவியத் காலத்துக் கருவிகள்தான். பாலைவனத்தில், வாயுவை எரிக்க வேண்டிய எரிகுழாய் நெட்டுக்குத்தாக நிற்கும். நுனியில் சுடர் இருக்காது. எரியாத வாயு அப்படியே வானத்துக்குப் போகும். நெஞ்சு பதறுகிறது! செயற்கைக்கோள்கள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன.

எடுக்கும் எண்ணெய், எரிவாயுவோடு ஒப்பிட்டால், நாடுகளின் கசிவில் 100 மடங்குக்கு மேல் வித்தியாசம். நார்வே குறைந்த முனையில், துர்க்மெனிஸ்தான் கூடின முனையில். 2023 டிசம்பரில், துபாய் காலநிலை மாநாட்டின்போது, துர்க்மெனிஸ்தானும் உலக மீத்தேன் குறைப்பு உறுதிமொழியில் சேர்ந்தது.