பாட்டிக்கு இரண்டு மருத்துவர்



குளியலறையில் பாட்டி வழுக்கி விழுகிறார். தொடையெலும்பு இடுப்போடு சேருமிடத்தில் முறிந்துவிடுகிறது. "வயசான காலத்துல ஆப்பரேசன் வேணாம், படுத்திருந்தாலே போதும்" என்பார் வீட்டில் ஒருவர். படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். எலும்பைப் பொருத்தி விரைவில் எழுந்து நிற்க வைப்பதே பெரும்பாலோருக்கு நல்லது.

ஆனால் பாட்டிக்கு இனிப்புநீர் உண்டு, இரத்தக் கொதிப்பும் உண்டு. எலும்பு மருத்துவர் எலும்பைப் பார்ப்பார். மற்றதை யார் பார்ப்பது?

இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற கடலோர நகரில், 1960களிலேயே இதற்கு வழி கண்டார்கள். டெவாஸ் என்ற எலும்பு அறுவை மருத்துவரும் இர்வின் என்ற முதியோர் நல மருத்துவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்தே கவனித்தார்கள். ஒருவர் எலும்பைச் சரிசெய்தார். மற்றவர் உடம்பு முழுவதையும் பார்த்துக்கொண்டார். நல்ல யோசனைதான். ஆனாலும் நாடெங்கும் பரவப் பல்லாண்டுகள் ஆயின.

மருத்துவர்கள் மனம் வைத்தால் மட்டும் போதாது பாருங்கள். அறுவைக் கூடம் காலியாக வேண்டும், தாதியர் வேண்டும். அவை மருத்துவமனை நிர்வாகத்தின் கையில் உள்ளவை. அதனால் 2010இல் இங்கிலாந்து அரசு ஓர் ஏற்பாடு செய்தது. 36 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடந்து, இரு துறை மருத்துவர்களும் சேர்ந்து கவனித்து, இன்னும் சில விதிகளும் நிறைவேறினால், அந்த நோயாளிக்காக மருத்துவமனைக்குக் கூடுதல் பணம். பணத்தைக் காட்டித்தானா என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். தாமதத்தால் தனக்கும் நட்டம் என்றானதும், அறுவைக் கூடத்தை ஒழித்துத் தரும் அக்கறை நிர்வாகத்துக்கும் வந்ததல்லவா?

அதற்கு முன்பே, 2007இல், இடுப்பு முறிவுகளுக்கென ஒரு தேசியப் பதிவேடும் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தில் 2007இல் இப்படி முறிவு கண்ட முதியோர் 100 பேரில் ஏறத்தாழ 11 பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். பதிவேட்டில் சேர்ந்த மருத்துவமனைகளில் அது 2011க்குள் எட்டு, ஒன்பது பேராகக் குறைந்தது.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால், பெரியவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அறுவைச் சிகிச்சையின் நேரமே மாறக்கூடும். வார்டில் தாதியிடம் தயங்காமல் கேளுங்கள்: "எலும்பை டாக்டர் பார்க்கிறார் அம்மா, சரி. இனிப்புநீரையும் கொதிப்பையும் எந்த டாக்டர் பார்க்கிறார்?"