மஞ்சள் வயரும் பழைய திரையும்
(நூற்றாண்டு விழாக் கண்காட்சி நிறைவு நாளில் ஆற்றிய உரை)



மூன்றாவது அறைக்குள் போனவர்கள் பழைய கணினித் திரையொன்றில் ஒரு சின்ன மனிதன் தாவி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எப்படி ஓடவைத்தீர்கள் என்று பலர் கேட்டதால் சங்கம் எங்கள் வகுப்புக்கும் பத்து நிமிடம் தந்திருக்கிறது.

அந்த விளையாட்டுப் பெட்டி எங்களில் ஒருத்தியின் வீட்டுச் சொத்து. 1989இல் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்தவர். நின்டென்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட பெட்டியைப் பார்த்துச் செய்த நகல். பள்ளி விட்டதும் கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டு விறாந்தையில் போய்க் குந்துவோம். சின்னண்ணா விளையாடுவார், நாங்கள் பார்ப்போம். எங்கள் முறை வரமுன் வீட்டிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். 1990இல் மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில் பெட்டி றங்குப்பெட்டிக்குள் போய்விட்டது. 1995 ஐப்பசி முடிவில் வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு வந்தபோது அந்த விறாந்தையில் நாலு குடும்பங்கள் படுத்தன. 1996இல் சின்னண்ணா காணாமற்போனார். 2000 வைகாசியில் எல்லோரும் வெளிக்கிட்டபோது அம்மா சேலைகளுக்குள் சுற்றி எடுத்தவற்றில் அந்தப் பெட்டியும் ஒன்று.

இனி வயர் விசயம்.

கணினி அறையில் பழைய படக்குழாய்த் திரைகள் பழைய இரும்புக்காரருக்குப் போகக் காத்திருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்தோம். பெட்டியிலிருந்து வருவது ஒரேயொரு மஞ்சள் வயர்; நிறம், வெளிச்சம், நேரக் குறி எல்லாம் அதற்குள் கலந்து வரும். திரையில் இருப்பதோ 15 ஊசி கொண்ட வி.ஜி.ஏ. அதில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியே போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில், ஒரு பக்கம் மஞ்சள் முனையும் மறுபக்கம் வி.ஜி.ஏ. முனையும் உள்ள வயரைத் தந்து, "இது காணும்" என்றார்கள். காணவில்லை. திரை கறுப்பாகவே கிடந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். பெட்டி தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்டது. நொடிக்குச் சுமார் 15,600 கோடுகள் அனுப்பும். 1987இல் வந்த வி.ஜி.ஏ. முறைத் திரை சுமார் 31,500 கோடுகளை எதிர்பார்க்கும். வெறும் வயரால் அந்த வேகத்தை மாற்ற முடியாது. நடுவில், படத்தை வாங்கிச் சேமித்து, புது வேகத்தில் திருப்பி அனுப்பும் சின்ன மாற்றிப் பெட்டி வேண்டும். அதைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம்.

பழைய அடப்ரர் தொலைந்திருந்தது. 9 வோல்ற் புதிது வாங்கினோம், ஆனால் நேர்முனை நடுவிலா வெளியிலா என்று பெட்டியின் அடியில் உள்ள குறியைப் பார்த்த பிறகே செருகினோம். மாறிச் செருகினால் முப்பது வருடம் காத்த பொருள் ஒரு நொடியில் போய்விடும். திரைக்குள் ஒலிபெருக்கி இல்லாததால் சத்தத்தை மண்டப அம்பிளிபயருக்குக் கொடுத்தோம். இன்னொன்று: இந்தத் திரைகளின் பின்மூடியை யாரும் கழற்றவேண்டாம். மின்சாரம் இல்லாதபோதும் உள்ளே பல ஆயிரம் வோல்ற் தங்கியிருக்கும்.

வாத்து சுடும் துவக்கு மட்டும் வேலை செய்யவில்லை. அது தொலைக்காட்சியில் கோடு வரையப்படும் அதே கணத்தின் ஒளியைத் தேடும். மாற்றிப் பெட்டி படத்தைச் சற்றுப் பிந்தி அனுப்புகிறது. எங்களுக்கு அதில் பெரிய கவலையில்லை. வாத்துச் சுடுகிறதும் சின்னண்ணாவின் வேலைதான்.

நேற்று முதல் ஆட்டத்தை எங்கள் வகுப்பே ஆடியது. பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் நாங்கள் ஆறு பேர் எங்கள் முறையை எடுத்தோம். மூன்றாவது குழியில் எல்லோரும் விழுந்தோம். அம்மாவையும் கூட்டிவந்து முன்வரிசைக் கதிரையில் இருத்தியிருந்தோம். பாட்டுத் தொடங்கியதும் அவ திரையைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தா. பிறகு, "சத்தத்தைக் குறையுங்கோ பிள்ளையள், அவன் எப்பவும் குறைச்சுத்தான் வைக்கிறவன்" என்றா.

குறைத்தோம்.