பிள்ளையோட சுருதி

நடுவர் அவர்களே! திருநள்ளாற்றுப் பெருமக்களே! காரைக்காலிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! ‘பிள்ளைகளின் திறமை ஒளிரப் பெரிதும் காரணம் பிறவி ஆற்றலா, சுற்றியிருப்பவர்களா?’ இதுதான் தலைப்பு. சுற்றியிருப்பவர்களே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கேட்டார்: “பியானோ முன்னால உக்காந்து வாசிக்கிறது ஒத்தப் பிள்ளைதானே?” சரிங்க, மாஸ்கோவுக்கே போவோம். 1984 மார்ச் 27. கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கம். எவ்கெனி கிஸ்ஸின்னு 12 வயசுப் பையன். ஷோப்பின் எழுதின ரெண்டு பியானோ கன்செர்ட்டோவையும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோட சேர்ந்து ஒரே கச்சேரியில வாசிச்சான்!

பிறவி ஆற்றல் இல்லையா? இருந்துச்சு. ஆனா அதைக் கண்டுபிடிச்சு வளர்த்தது அன்னா கான்டோர்ங்கிற டீச்சர். அவனுக்கு வேற டீச்சரே கிடையாது. பின்னாளில் அந்தம்மா அவன் குடும்பத்தோடயே வந்து தங்கிட்டாங்க. நம்ம பக்கம் சிஷ்யன் குரு வீட்டுக்குப் போவான். அங்கே குருவே சிஷ்யன் வீட்டுக்கு வந்துட்டாங்க! (கைதட்டல்)

இன்னொண்ணு சொல்றேன். கச்சேரிக்கு முன்னால ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கும். வழக்கமா சுருதி கொடுக்கிறது ஓபோ. நம்ம நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரி அதுக்கும் ஒண்ணு உண்டு. ஆனா பியானோ கச்சேரின்னா பியானோதான் சுருதி கொடுக்கும். ஏன்? அதுல 200-க்கும் மேல கம்பி. நின்ன இடத்துல மாத்த முடியாது. அதனால தலை நரைச்ச வித்வான்களெல்லாம் தங்கள் கம்பியை முறுக்கி, அந்தச் சின்னப் பிள்ளை வாசிக்கப்போற பியானோவோட சேர்ந்துக்குவாங்க.

நம்ம வீட்டுல? பிள்ளைதான் நம்ம சுருதிக்கு வரணும்! பத்தாவது வந்தாச்சா, கீபோர்டு பரணுக்குப் போயிடும். அப்புறமும் மார்க் குறைஞ்சா பழி ஏழரைச் சனிக்கு! நளதீர்த்தத்துல எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வைக்கிறோம். கும்பிடுங்க, வேண்டாங்கலை. ஆனா பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டோமா? (சிரிப்பு, கைதட்டல்)

நம்ம சென்னைப் பிள்ளை லிடியன் நாதஸ்வரம். 2019-ல், 13 வயசுல, அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில ஜெயிச்சு 10 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். அப்பா வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். அக்கா அமிர்தவர்ஷினி புல்லாங்குழல். லிடியன்ங்கிறது மேற்கத்திய ஸ்கேல், நம்ம கல்யாணி ராகத்தோட சுரங்கள். பேர் வைக்கும்போதே சுருதி சேர்த்த வீடுங்க அது!

கடைமடைக்காரங்க நமக்கா தெரியாது? விதை நல்ல விதைதான். மேட்டூர்ல திறந்த தண்ணி இங்க வந்து சேரலேன்னா முளைச்சதும் கருகிடுமே! அதுக்கு விதையைக் குத்தம் சொல்லலாமா?

எல்லாப் பிள்ளையும் மேதையாக வேண்டாம். ஆசைப்பட்டதைச் செய்யும்போது அது முகத்துல வர்ற வெளிச்சம் அணையாம இருந்தாப் போதும். எனவே நடுவர் அவர்களே, தீர்ப்பு எங்கள் அணிக்கே வர வேண்டும். தாய்மார்களே, தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, வீட்டுக்குப் போனதும் பரண்ல இருக்கிற அந்தக் கீபோர்டை இறக்கிக் கொடுங்க.